ஈசிஜி நார்மல்னா அப்புறம் ஏன் செத்துப்போற மாதிரி இருக்கு? - டாக்டரம்மா பதில்கள்

கேள்வி: எனக்கு 34 வயசு, ரங்கூன் தாம்வேல இருக்கோம். 2025 மார்ச் 28 பூகம்பத்தன்னைக்கு நாலாவது மாடியில இருந்தோம், கட்டடம் ஆடுச்சு, புள்ளைங்கள தூக்கிட்டு கீழ ஓடியாந்துட்டோம், ஒன்னும் ஆகல. அதுக்கு ரெண்டு மாசம் கழிச்சு பஜார்ல காய் வாங்கிட்டு நிக்கறப்ப திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிச்சுது, மூச்சு முட்டுது, விரலெல்லாம் மரத்துப்போச்சு, இதோ போயிட்டேன்னே நெனச்சேன். ஆஸ்பத்திரில ஈசிஜி எடுத்துட்டு நார்மல்னு அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் பலதடவ வந்துருச்சு, இப்ப பஜாருக்கே போறதில்ல. டாக்டர் "ஒன்னுமில்லம்மா, மனசுதான்"ங்கிறார். மாமியார் பயந்த கோளாறுன்னு முனீஸ்வரன் கோயில்ல துன்னூறு போட்டு கயிறு கட்டிவிட்டாங்க. எனக்கு என்னதான் ஆகுது?

பதில்: தங்கச்சி, "ஒன்னுமில்ல"ன்னு யாரும் உங்ககிட்ட சொல்லியிருக்கக்கூடாது. இதயத்துல ஒன்னுமில்ல, அது சரி. ஆனா உங்க ஒடம்புல அந்த பத்து நிமிஷம் நடக்கறது அத்தனையும் நெசம், ரத்தத்துல அளந்து பாக்கலாம், மூளைய ஸ்கேன்ல வெச்சும் பாக்கலாம். இதுக்கு பேரு பேனிக் அட்டாக். அது திரும்பத்திரும்ப வந்து, எப்ப வருமோன்னு ஒரு மாசத்துக்கு மேல பயந்துகிட்டு, பஜார், பஸ்னு ஒவ்வொன்னா விட ஆரம்பிச்சா அதத்தான் பேனிக் டிஸார்டர்னு சொல்றோம்.

உள்ள என்ன நடக்குதுன்னா, மூளைத்தண்டுல லோக்கஸ் செரூலியஸ்னு ரொம்ப சின்ன எடம் ஒன்னு இருக்கு, மூளைய உசுப்பற நார்அட்ரினலின்ங்கிற ரசாயனத்துல பெரும்பங்கு அங்கருந்துதான் போகுது. அது சட்டுனு வேகமெடுக்குது, அதோட சேந்து மூளையில ஹைப்போதலாமஸ்ங்கிற பகுதி நரம்பு வழியா கிட்னி மேல உக்காந்திருக்கற அட்ரினல் சுரப்பிய உசுப்புது, அட்ரினலின் கொட்டுது. இதயம் வேகமா அடிக்குது, கல்லீரல் சேத்துவெச்ச சர்க்கரைய ரத்தத்துல விடுது, ரத்தம் வயித்த விட்டுட்டு கால் தசைக்கு போகுது (அதான் வயித்த பெசையுது), வேர்க்குது. எல்லாமே ஓடறதுக்கான ஏற்பாடு. பூகம்பத்தன்னைக்கு இதே சமாச்சாரம்தான் ரெண்டு புள்ளைங்களையும் தூக்கிட்டு நாலு மாடி எறங்க வெச்சுது. பஜார்ல ஓடறதுக்கு காரணமே இல்லாதப்ப அதே ஏற்பாடு நடந்தா, மனுஷி என்ன நெனப்பா? ஹார்ட் அட்டாக்னுதான் நெனப்பா.

சரி, காரணமே இல்லாம ஏன் வருதுங்கிறதுதான் பெரிய கேள்வி. இதுல எனக்கு ரொம்ப முக்கியமா படற வெளக்கம் மூச்சுக்காத்து சம்பந்தப்பட்டது. நம்ம மூளைத்தண்டு ரத்தத்துல எவ்வளவு கார்பன் டை ஆக்ஸைடு இருக்கு, எவ்வளவு அமிலத்தன்மை இருக்குன்னு நொடிக்கு நொடி பாத்துகிட்டே இருக்கு. அது கூடிச்சுன்னா மூச்சு அடைபடுதுன்னு அர்த்தம், உடனே அலாரம் அடிக்கணும். டொனால்ட் க்ளைன்ங்கிற அமெரிக்க மனநல டாக்டர் 1993ல சொன்னது, பேனிக் வர்றவங்களுக்கு இந்த மூச்சடைப்பு அலாரம் ரொம்ப சின்ன ஏத்தத்துக்கே அடிச்சுடுதுன்னு. 35 சதவீதம் கார்பன் டை ஆக்ஸைடு கலந்த காத்த ஒரே ஒரு இழுப்பு இழுக்க வெச்சா பேனிக் உள்ளவங்கள்ல நெறைய பேருக்கு அங்கேயே அட்டாக் வந்துடுது, மத்தவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கறதோட சரி. அதுக்கு ரொம்ப முன்னாடி 1967லயே அமெரிக்காவுல பிட்ஸ், மெக்ளூர்னு ரெண்டு டாக்டருங்க சோடியம் லாக்டேட்ட ட்ரிப்ஸ்ல ஏத்தி பாத்தாங்க, பதட்ட வியாதி உள்ளவங்கள்ல அநேகமா எல்லாருக்கும் அட்டாக் வந்துச்சு, மத்தவங்கள்ல ஒன்னு ரெண்டு பேருக்குத்தான். லாக்டேட்ங்கிறது வேத்து வஸ்து இல்ல, சர்க்கரைய எரிக்கறப்ப நம்ம தசையிலயும் மூளையிலயும் தானா உண்டாகறதுதான். ஒரு சாதாரண உப்புத்தண்ணி மாதிரி ஏத்தற பொருள் "செத்தேன்"ங்கிற பயத்த கொண்டாந்துச்சுன்னா, மனசு பலவீனம்னு சொல்லி உங்களமாதிரி ஆளுங்கள அவமானப்படுத்தினதெல்லாம் எவ்வளவு பெரிய அநியாயம்னு யோசிச்சு பாருங்க.

இன்னொன்னும் சொல்லணும். பயம்னாலே மூளையில அமிக்டலாங்கிற பகுதிதான்னு எல்லாரும் சொல்வாங்க. ஆனா 2013ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, ஒரு அபூர்வ நோயால ரெண்டு பக்க அமிக்டலாவும் கெட்டுப்போன மூணு பெண்களுக்கு அந்த 35 சதவீத காத்த குடுத்தாங்க. அதுல ஒருத்தங்க பாம்பு, பேய்வீடு, கத்திமுனைன்னு எதுக்கும் பயப்படாதவங்கன்னு பேரெடுத்தவங்க. மூணு பேருக்குமே பேனிக் வந்துடுச்சு! அப்படின்னா வெளியிலருந்து வர்ற ஆபத்துக்கு ஒரு வழி, ஒடம்புக்குள்ளருந்து வர்ற ஆபத்துக்கு வேற வழி. "எதுக்கு பயப்படற, இங்க என்ன இருக்கு"ன்னு வீட்டுல கேக்கறாங்கல்ல, அதுக்கு பதில் இதுதான், வெளிய ஒன்னும் இருக்கவேண்டியதில்ல.

விரல் மரத்துப்போறது வேற கணக்கு. மூச்சு முட்டுதுன்னு நீங்க வேகவேகமா இழுக்கறீங்க, அதுல கார்பன் டை ஆக்ஸைடு தேவைக்கு மேல வெளிய போயிடுது, ரத்தம் காரத்தன்மைக்கு மாறுது, ரத்தத்துல தனியா திரியற கால்சியம் கொறையுது, அதனால விரல்லயும் வாயச்சுத்தியும் எறும்பு ஊர்ற மாதிரி வருது, சிலருக்கு கை கோணிக்கும். மூளைக்கு போற ரத்தக்குழாயும் சுருங்குது, அதான் தலை சுத்தல், எல்லாம் கனவுமாதிரி தெரியறது. ரத்தம் காரமாகும்போது மூளையில லாக்டேட்டும் கூடும், ஸ்கேன்ல பாத்தப்போ பேனிக் உள்ளவங்களுக்கு அந்த ஏத்தம் மத்தவங்கள விட அதிகமா இருந்திருக்கு. ஆகமொத்தம் பயந்து மூச்ச வேகமா விட, அதுல வர்ற கோளாற பாத்து இன்னும் பயம், இப்படியே ஒன்ன ஒன்னு தள்ளிகிட்டு போகுது.

அதனால அட்டாக் வந்தா அந்த எடத்த விட்டு ஓடாதீங்க. உக்காருங்க, மூச்ச இழுக்கறதுல கவனம் வெக்காம வெளிய விடறத நீட்டி விடுங்க, வாயக்குவிச்சு மெதுவா. பத்து நிமிஷத்துக்குள்ள உச்சத்துக்கு போயிட்டு தானா எறங்கும், அட்ரினலின் ரத்தத்துல ரொம்பநேரம் தங்காது. காகிதப்பைய மூஞ்சில வெச்சு மூச்சு விடற பழைய வழக்கம் வேண்டவே வேண்டாம், அது ஆஸ்துமாவாவோ ஹார்ட் பிரச்னையாவோ இருந்துட்டா ஆபத்து. ஒரேஒரு தடவ தைராய்டு டெஸ்ட்டும் ஹீமோகுளோபினும் பாத்துடுங்க, தைராய்டு கூடினாலும் ரத்தசோகை இருந்தாலும் இதேமாதிரி படபடப்பு வரும். அது ரெண்டும் சரியா இருந்தா மறுபடி மறுபடி ஈசிஜி எடுக்கறத நிறுத்துங்க, ஒவ்வொரு தடவ நார்மல்னு கேக்கறப்பவும் ஒரு நாள் நிம்மதி, மறுநாள் பழைய பயம், அவ்வளவுதான்.

நெசமான வைத்தியம் ரெண்டு. ஒன்னு மாத்திரை, அதப்பத்தி கீழ வேற ஒருத்தருக்கு எழுதியிருக்கேன். இன்னொன்னு சிந்தனை நடத்தை சிகிச்சை, டேவிட் கிளார்க்ங்கிற இங்கிலாந்து சைக்காலஜிஸ்ட் 1986ல தெளிவா எழுதினது: ஒடம்புல வர்ற சின்ன மாத்தத்த "சாகப்போறேன்"னு மூளை தப்பா படிக்குது, அந்த படிப்ப மாத்தணும். அதுக்காக இதுல பயிற்சி எடுத்த ஆள் ஒருத்தர் கூட இருந்து உங்களையே ஒரு நிமிஷம் வேகமா மூச்சு விடச்சொல்வாங்க, நாற்காலியில சுத்தச்சொல்வாங்க, ஸ்ட்ரா வழியா மூச்சு விடச்சொல்வாங்க. அட்டாக்ல வர்ற அதே உணர்வு வரும், ஆனா ஒன்னும் ஆகாது, திரும்பத்திரும்ப செஞ்சா மூளை கத்துக்குது. அப்புறம் பஜாருக்கும் அப்படியே, முதல்ல வாசல் வரைக்கும், அடுத்த வாரம் முதல் கடை வரைக்கும், பயம் எறங்கறவரைக்கும் அங்கயே நிக்கணும், அதுக்கு முன்னாடி திரும்பிட்டா பயந்தான் ஜெயிக்கும்.

மாமியார் கட்டின கயிறு கையிலயே இருக்கட்டும்மா. உங்க மேல அக்கறையிலதான கட்டினாங்க, அத நான் அவுக்கச் சொல்லமாட்டேன். மனநல டாக்டரையும் பாருங்கன்னு மட்டும் சொல்றேன், பைத்தியத்துக்கு பாக்கற டாக்டர்னு யாராச்சும் சொன்னா இந்த பக்கத்த படிச்சு காமிங்க.

கேள்வி: சிரியத்துல டீக்கடை வெச்சிருக்கேன், 41 வயசு. காலைல கடை தொறந்ததுலருந்து ராத்திரி மூடறவரைக்கும் எட்டு பத்து டீ ஓடும், வாயில எப்பவும் குன்யா, அதான் வெத்தலபாக்கு, புகையில போட்டதுதான். சோறு நேரத்துக்கு சாப்புடறதில்ல. ராத்திரி தூக்கத்துல திடுக்குன்னு எந்திரிக்கறேன், நெஞ்சு டம்டம்முன்னு அடிக்குது, கனவு கூட இல்ல. டீயும் வெத்தலையும் இதுக்கு காரணமா?

பதில்: அண்ணே, காரணம்னு அடிச்சு சொல்லமாட்டேன், ஆனா ரெண்டும் சேந்து எரியற நெருப்புல எண்ணெய் ஊத்துதுங்கிறது நிச்சயம்.

டீய எடுத்துக்குவோம். மூளையில அடினோசின்னு ஒன்னு நாள்பூரா சேந்துகிட்டே வரும், அதுதான் நரம்ப அமத்தி தூக்கத்த கொண்டுவர்றது. டீ காப்பில இருக்கற கஃபீன் அந்த அடினோசின் உக்காரவேண்டிய எடத்துல போய் தான் உக்காந்துக்குது, அமத்தறதுக்கு ஆளில்லாம நார்அட்ரினலின் கூடுது. பேனிக் உள்ளவங்களுக்கு 400 மில்லிகிராம் கஃபீனுக்கு மேல ஒரே நேரத்துல குடுத்து பாத்த ஆராய்ச்சிகள்ல சுமாரா பாதிப்பேருக்கு அட்டாக் வந்திருக்கு. ஒரு கப் கெட்டி டீயில 50 மில்லிகிராம் பக்கம் இருக்கும், நீங்க நாள்பூரா பிரிச்சு குடிச்சாலும் மொத்தம் அந்த அளவுக்கு வந்துடுது. குடிச்சதுல பாதி வெளியேறவே அஞ்சு மணிநேரம் பக்கம் ஆகும், அதனால கடை மூடறப்ப குடிச்ச டீ நீங்க படுக்கறப்பவும் ஒடம்புலதான் இருக்கு.

குன்யா இன்னும் சிக்கல். பாக்குல அரிக்கோலின்னு ஒன்னு இருக்கு, போட்டதும் மூஞ்சி சூடாகி வேர்த்து இதயம் வேகமா அடிக்கறதுல அதுக்கு பெரிய பங்கு. புகையிலையோட நிக்கோடின் அதுகூட சேருது. வாயில எப்பவும் இருந்தா இதயம் எப்பவும் ஒரு படி மேலயே ஓடிகிட்டிருக்கும். வாய்ப்புத்துநோய் பத்தி நான் சொல்லவேண்டியதில்ல, நம்ம தெருவுலயே பாத்திருப்பீங்க.

ஆனா உங்க லெட்டர்ல என்ன ரொம்ப உறுத்தினது "சோறு நேரத்துக்கு சாப்புடறதில்ல"ங்கிறது. நாம சாப்பிடறது நல்லா தீட்டின வெள்ளை அரிசி, தவிட்டோட வைட்டமின் பி1, அதாவது தயமின், போயிடுது. மிச்சம் சாப்பாட்டுல இருக்கற கொஞ்சநஞ்சத்தையும் டீயும் வெத்தலபாக்கும் ஒடம்புல சேரவிடாம கெடுக்கும். தயமின் இல்லாம சர்க்கரைய முழுசா எரிக்கமுடியாது, பாதியிலயே நின்னு லாக்டேட்டா தேங்கும், ரொம்ப கொறைஞ்சா பெரிபெரி வரும், அதுலயும் படபடப்பு, மூச்சுவாங்கல், கால்வீக்கம். பர்மாவுல கைப்புள்ளைங்களுக்கு பெரிபெரி வந்து சாகறது ரொம்பகாலமா இருக்கற கொடுமை, பெத்தவ பத்தியம்னு சொல்லி வெறும் சோறு சாப்பிட்டா பால்ல தயமின் இருக்காது. பேனிக்குக்கு பி1 கொறைவுதான் காரணம்னு யாரும் நிரூபிக்கல, நானும் சொல்லல. ஆனா உங்களமாதிரி நாள்பூரா டீயிலயும் குன்யாவுலயும் ஓட்டறவர் படபடப்புன்னு வந்தா, நான் கால அமுக்கி வீக்கம் இருக்கான்னு பாத்துட்டு பி காம்ப்ளெக்ஸ் எழுதிக்குடுத்துட்டுதான் அடுத்த பேச்சே பேசுவேன்.

டீய ஒரேநாள்ல நிறுத்தாதீங்க, மறுநாளே மண்டைய பொளக்கும். தெனம் குடிக்கற கணக்குல வாராவாரம் ரெண்டு கப் கொறைச்சுகிட்டே வந்து, மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல வேண்டாம்னு வெச்சுக்கோங்க. காலையில மொகிங்காவோ இட்லியோ வயித்துக்கு எதாவது போட்டுட்டு டீய தொடுங்க, பருப்பு, பயறு, நெலக்கடலை தெனமும் இருக்கட்டும். தூக்கத்துல வர்ற பேனிக் பெரும்பாலும் கனவு வர்ற தூக்கத்துல வராது, லேசான தூக்கத்துலருந்து ஆழ்ந்த தூக்கத்துக்கு போற நேரத்துல வரும், அதான் உங்களுக்கு கனவு ஞாபகமில்ல. ஆனா குறட்டை பலமா இருந்து மூச்சு நின்னு நின்னு வருதுன்னு வீட்டுல சொன்னா அது வேற வியாதி, அதயும் டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

கேள்வி: மோல்மேன்லருந்து எழுதறேன். அம்மாவுக்கு 62 வயசு. படபடப்புன்னு மருந்துக்கடையில கேட்டப்போ டயஸிபாம் 5 மில்லிகிராம் குடுத்தாங்க, சீட்டு எதுவும் கேக்கல. ஒரு வருஷத்துக்கு மேல தெனமும் போடறாங்க, இப்ப ஒன்னு பத்தல ரெண்டு போடறாங்க. ரெண்டுநாள் நிறுத்தி பாத்தோம், கை நடுக்கம், தூக்கமே இல்ல, முன்னவிட மோசம். என்ன பண்றது?

பதில்: தயவுசெஞ்சு திடீர்னு நிறுத்தாதீங்கம்மா, வலிப்பு வரலாம். இத முதல்ல சொல்லிட்டு மிச்சம் சொல்றேன்.

மூளையில நரம்புகள அமத்தற முக்கியமான ரசாயனம் காபா. டயஸிபாம் காபா வேலை செய்யற எடத்துக்கு பக்கத்துலயே ஒட்டிகிட்டு காபாவோட பலத்த கூட்டிவிடுது, அதனாலதான் அரைமணி ஒருமணி நேரத்துல அப்படி ஒரு நிம்மதி. 1963லருந்து விக்கற மருந்து, வலிப்புக்கும் ஆஸ்பத்திரியில அவசரத்துக்கும் உயிர் காப்பாத்தற மருந்து, அத நான் கொற சொல்லல. ஆனா தெனமும் போட்டா சில வாரத்துலயே மூளை அதுக்கு பழகி, தன்னோட சொந்த காபா அமைப்ப தளர்த்திக்குது. அப்புறம் மாத்திரை இல்லேன்னா அமத்த ஒன்னும் இருக்காது. அந்த ரெண்டுநாள் நீங்க பாத்தது பழைய வியாதி இல்ல, மருந்து விட்டதோட விளைவு. அது பேனிக் மாதிரியே இருக்கறதால "மருந்து இல்லாம அம்மாவால முடியாது"ன்னு எல்லாரும் நம்பிடறாங்க, இப்படித்தான் எத்தனையோ வீட்டுல வருஷக்கணக்கா ஓடுது. 62 வயசுக்கு இதுல இன்னொரு பயம் கீழ விழறது, இடுப்பெலும்பு ஒடிஞ்சா அதுலருந்து மீண்டு வர்றது கஷ்டம், ஞாபகமும் மங்கும்.

வழி என்னன்னா, டாக்டர் ஒருத்தர் மேற்பார்வையில ரெண்டு மூணு வாரத்துக்கு ஒருதடவ, அப்ப போடற அளவுல பத்துல ஒரு பங்க மட்டும் கொறைச்சுகிட்டே வரணும், மாசக்கணக்குல ஆகும், ஆகட்டும். அதுக்கு முன்னாடியே செர்ட்ரலின் மாதிரி பேனிக்குக்கான மருந்த ஆரம்பிச்சுட்டா எறங்கறது சுலபமா இருக்கும். இருமல் மருந்து, வலிமாத்திரைன்னு தூக்கம் வரவைக்கற வேற எதையும் இதோட சேத்து அம்மா சாப்பிடறாங்களான்னு பாத்துக்கோங்க, மூச்சு மந்தமாயிடும்.

கேள்வி: எனக்கும் பேனிக் வருது. சிங்கப்பூர்ல இருக்கற என் மகன் போன்ல சொல்றான், உனக்கு செரோட்டோனின் கம்மி, டெஸ்ட் எடுத்து பாருன்னு. எங்க எடுக்கறது?

பதில்: எங்கயும் எடுக்கவேண்டாங்க, காசு வீண். செரோட்டோனின்ங்கிறது நரம்புங்க சேதி சொல்ல பயன்படுத்தற ஒரு ரசாயனம், ஒடம்புல இருக்கறதுல 90 சதவீதத்துக்கு மேல குடல்லதான் இருக்கு, ரத்தத்துல அளந்து மூளைய பத்தி ஒன்னும் சொல்லமுடியாது. கம்மியானதாலதான் பேனிக் வருதுங்கிறதும் நிரூபணமான விஷயம் இல்ல. செரோட்டோனின கூட்டற மருந்துங்க, செர்ட்ரலின், பராக்ஸிடின் மாதிரி, பேனிக்குக்கு நல்லா கேக்குதுங்கிறது மட்டும் நிச்சயம். மூணுநாள்ல கேக்காது, ரெண்டுலருந்து ஆறு வாரம் ஆகும். முதல் வாரத்துல படபடப்பு கூடவும் செய்யலாம், இத டாக்டர் முன்கூட்டியே சொல்லாததாலதான் பாதிப்பேர் ரெண்டாவது நாளே மாத்திரைய தூக்கிப்போடறாங்க. பாதி அளவுல ஆரம்பிக்கச் சொல்லி கேளுங்க, நல்லானதும் விட்டுடாம ஒரு வருஷம் பக்கம் தொடரணும்.

கேள்வி: எனக்கு சுகர் இருக்கு, கிளிபென்கிளமைட் போடறேன், 58 வயசு. படபடப்பு, வேர்வை, நடுக்கம் வருது. இது பேனிக்கா சுகர் எறங்கறதா?

பதில்: ஐயா, உங்க விஷயத்துல சுகர் எறங்கறதுன்னே எடுத்துகிட்டு முதல்ல குத்தி பாருங்க. 70க்கு கீழ போச்சுன்னா ஒடம்பு அதே அட்ரினலின்ன தான் கொட்டும், அறிகுறிய வெச்சு பிரிக்கமுடியாது. மிஷின் பக்கத்துல இல்லேன்னா யோசிக்காம மூணு டீஸ்பூன் சர்க்கரைய தண்ணில கலந்து குடிங்க, பதினஞ்சு நிமிஷத்துல தெளிஞ்சுடும், அப்புறம் சாப்பிடுங்க. அடிக்கடி வந்தா மாத்திரை அளவ கொறைக்கணும், டாக்டர்கிட்ட போங்க. படபடப்புக்குன்னு யாராவது புரோப்ரனலால் குடுத்தா சுகர் மாத்திரை போடறத சொல்லுங்க, அது சுகர் எறங்கற அறிகுறிய மறைச்சுடும். நடக்கறப்ப நெஞ்ச அழுத்தி தாடைக்கோ இடதுகைக்கோ வலி பரவினா, மயக்கம் போட்டு விழுந்தா, அன்னைக்கு பேனிக்குன்னு வீட்டுல உக்காந்துடாதீங்க, நேரா ஆஸ்பத்திரி.

கேள்வி: பேகுல காலேஜ் படிக்கறேன். எனக்கு பேனிக் இருக்கு. ஓடினா லாக்டேட் கூடும், லாக்டேட் பேனிக்க கொண்டுவரும்னு படிச்சேன். அதனால ஃபுட்பால் விட்டுட்டேன். சரிதானே?

பதில்: இல்ல தம்பி, விட்டுடாதீங்க, படிப்படியா திரும்ப ஆரம்பிங்க. ட்ரிப்ஸ்ல ஏத்தற லாக்டேட்டும் ஓடறப்ப தசையில உண்டாகறதும் ஒடம்புல ஒரே மாதிரி நடந்துக்கறதில்ல. ஓடறப்ப நெஞ்சு அடிக்கறதுக்கும் மூச்சு வாங்கறதுக்கும் காரணம் மூளைக்கு தெரியும், அதனாலயே பேனிக் உள்ளவங்கள்ல பெரும்பாலானவங்க அட்டாக் இல்லாம ஓடிட முடியுது. ஜெர்மனியில நடந்த ஒரு ஆராய்ச்சி 1998ல வெளியாச்சு, பேனிக் உள்ளவங்கள பத்து வாரம் ஓடவெச்சு, இன்னொரு கூட்டத்துக்கு பேனிக்குக்கு குடுக்கற க்ளோமிப்ரமின் மாத்திரை, மூணாவதுக்கு வெறும் டம்மி மாத்திரை குடுத்தாங்க. க்ளோமிப்ரமின்தான் சீக்கிரமாவும் நல்லாவும் கேட்டுச்சு, ஆனா ஓடினவங்களும் டம்மி மாத்திரைக்காரங்கள விட தெளிவா தேறினாங்க. அதுமட்டுமில்ல, நெஞ்சு வேகமா அடிச்சா ஆபத்தில்லங்கிறத ஒடம்புக்கு தெனமும் கத்துக்குடுக்கறதும் அதேதான், மேல தாம்வே தங்கச்சிக்கு சொன்ன நாற்காலியில சுத்தற பயிற்சிக்கும் இதுக்கும் நோக்கம் ஒன்னு.

ஆஸ்துமாவோ இதயக்கோளாறோ இருந்தா மட்டும் முதல்ல டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. மத்தபடி இந்த வாரம் சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் இருபது நிமிஷம் வேகநடை, அடுத்த வாரம் கொஞ்சம் ஓட்டம் கொஞ்சம் நடை, மூணாவது வாரம் கிரவுண்டுக்கு போயிடுங்க. நடுவுல நெஞ்சு பதறுச்சுன்னா வேகத்த கொறைங்க, ஆனா நிக்காதீங்க, வீட்டுக்கு திரும்பாதீங்க, அது எறங்கறவரைக்கும் நடந்துகிட்டே இருங்க.